வாசகர் கேள்விகள்: பார்த்தவள் பேசினால் என்ன ஆகும்?

சென்ற இதழில், விடுமுறையில் படிக்கத்தக்க அயல்நாட்டு நாவல்களைப் பற்றி எழுதியபோது, ஆஞ்சி தாமஸ் என்ற அமெரிக்கக் கருப்பின எழுத்தாளரின் ‘தி ஹேட் யூ கிவ்’ நாவலுக்கு நான்கே வரிகள் ஒதுக்கியிருந்தேன். வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரிகளைப் பற்றியே பேசின. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். வேறு கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு அந்த நாவலை வாங்கித் தரும்படி கேட்கிறாள். போலீஸ் துப்பாக்கிச் சூடு பற்றிய கதை என்கிறார்கள். கதை என்ன? இந்த வயதில் கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

கொடுக்கலாம். ஆனால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள் அம்மா. முடித்த அன்று இரவு அவளுக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கும். அப்போது கதை தெரிந்த ஓர் ஆள் வீட்டில் இருப்பது நல்லது.

கதையைச் சொல்பவள் ஸ்டார் கார்ட்டர் என்ற 16 வயதுப் பெண். அவளுடைய குடும்பம் கார்டன் ஹைட்ஸ் என்ற, கருப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதியில் குடியிருக்கிறது. அப்பா மேவரிக் அங்கேயே மளிகைக் கடை நடத்துகிறார். அம்மா லிசா ஒரு நர்ஸ். பிள்ளைகள் மட்டும் அந்தப் பகுதியை விட்டு வெகு தூரத்தில், பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் வில்லியம்சன் என்ற தனியார் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.

விடுமுறைக் கால விருந்து ஒன்றில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஸ்டாரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அவளுடைய பால்ய நண்பன் கலீல் அங்கிருந்து கிளம்புகிறான். வழியில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார். காரின் பின்பக்க லைட் உடைந்திருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். ஸ்டாருக்கு 12 வயதானபோதே, போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுடைய அப்பா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: கைகள் வெளியே தெரிய வேண்டும், சட்டென்று அசையக் கூடாது, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். கலீலுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லையோ என்று அந்த நேரத்தில் அவள் நினைத்துக்கொள்வது எனக்கு மறக்கவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அவர் இறங்கச் சொல்கிறார். மூன்று முறை உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்; ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேயே நில் என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி தன் வண்டிக்குத் திரும்பும் இடைவெளியில், ஸ்டார் பயந்துபோயிருக்கிறாளே என்று கார்க் கதவைத் திறந்து, நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிறான் கலீல். மூன்று குண்டுகள். வேறு போலீஸ் வண்டிகள் வந்து சேரும் வரை அதே துப்பாக்கி ஸ்டாரை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரியின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவருடைய வில்லையில் இருந்த 115 என்ற எண் மட்டும் மனத்தில் பதிகிறது; அதன்பின் நாவல் நெடுக அவர் அவளுக்கு ‘115’தான். அவர் துப்பாக்கி என்று நினைத்தது, கார்க் கதவில் இருந்த, கருப்புக் கைப்பிடி வைத்த, தலை வாரும் பிரஷை.

இவ்வளவும் இரண்டாம் அத்தியாயத்திற்குள் முடிந்துவிடுகிறது. மீதி நானூறு பக்கங்களும் செத்தவனைப் பற்றியவை அல்ல என்றே சொல்வேன். பார்த்தவளைப் பற்றியவை. அங்கே இருந்தது நான்தான் என்று பள்ளியில் சொல்லலாமா, போலீஸிடம் சொல்லலாமா, தொலைக்காட்சியில் சொல்லலாமா, நீதிமன்றத்தில் சொல்லலாமா, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வீட்டுக்கு என்ன விலை என்ற கேள்விகளே கதையை நகர்த்துகின்றன. நாவலின் பகுதிகளுக்குக்கூட ‘நடந்து ஐந்து வாரம்’, ‘எட்டு வாரம்’ என்று, நம்மூரில் துக்க வீட்டில் நாள் எண்ணுவதைப் போலத்தான் தலைப்பு வைத்திருக்கிறார் ஆசிரியர்.

கெட்ட வார்த்தைகள் உண்டு. போதைப்பொருள் பேச்சும் பதின்பருவக் காதலும் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பெண் கேள்விப்படாத எதுவும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது உண்மைச் சம்பவமா? தலைப்புக்கு என்ன பொருள்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

கலீல் என்று ஒருவர் இல்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது.

2009 புத்தாண்டு தினத்தன்று கலிபோர்னியா மாநிலம் ஓக்லாந்தின் ஃப்ரூட்வேல் ரயில் நிலையத்தில், ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது கருப்பின இளைஞர், நடைமேடையில் குப்புறக் கிடந்த நிலையில் ரயில்வே காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். பயணிகளின் கைப்பேசிகளில் அது பதிவானது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் படைப்பெழுத்து படித்துக்கொண்டிருந்த ஆஞ்சி தாமஸ், அந்தச் செய்தியின் கோபத்திலும் துயரத்திலும் ஒரு சிறுகதை எழுதினார். வெள்ளையர் மிகுந்த கல்லூரிக்குக் கருப்பினப் பகுதியிலிருந்து போய் வந்தவர் அவர். ஒரே சாவை வீட்டுப் பக்கம் ஒரு விதமாகவும் கல்லூரிப் பக்கம் வேறு விதமாகவும் பேசுவதை இரண்டு காதாலும் கேட்டவர். பிறகு 2012இல் ட்ரேவான் மார்ட்டின், 2014இல் மைக்கேல் பிரவுன், அதே ஆண்டில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டாமிர் ரைஸ் என்று சாவுகள் தொடர்ந்தபோது, எடுத்து வைத்திருந்த சிறுகதை நாவலாக வளர்ந்தது. 2017 பிப்ரவரியில் வெளிவந்த உடனேயே நியூயார்க் டைம்ஸின் இளையோர் நூல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரேவானைச் சுட்டவர் போலீஸே அல்ல, குடியிருப்புக் காவல் குழுவைச் சேர்ந்த தனிநபர். மைக்கேல் பிரவுன் வழக்கில் என்ன நடந்தது என்பதில் சாட்சிகளே முரண்பட்டார்கள்.

தலைப்பு, 1996இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் டுபாக் ஷகூரிடமிருந்து வந்தது. அவர் தன் வயிற்றில் பச்சை குத்தியிருந்த ‘தக் லைஃப்’ என்ற சொற்களுக்கு, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சொல்லின் முதலெழுத்தாக்கி ஒரு விளக்கம் சொல்லிவந்தார். பச்சைப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஊட்டும் வெறுப்பு கடைசியில் எல்லோரையும் நாசமாக்கும் என்பது அதன் சாரம்; அதன் முதல் நான்கு சொற்களே நாவலின் தலைப்பு. மூலத்தில் கடைசிச் சொல் இதைவிடக் காரமானது. சாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் காரில் கலீல் ஸ்டாருக்கு இதைத்தான் விளக்கிக்கொண்டிருப்பான். பின்னொரு நாள் ஸ்டாரும் அவளுடைய அப்பாவும் அதே சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு, வேலை கிடைக்காத பகுதியில் போதைப்பொருள் மட்டும் எப்படித் தாராளமாகக் கிடைக்கிறது என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த உரையாடல் அது.

சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். நாவலில் அந்தப் போலீஸ்காரர் மீது வழக்கே நடக்காமல் போகிறது. கொலைக்கு நேரடிச் சாட்சி இருந்தும் இது எப்படிச் சாத்தியம்?
– மாணவர், மதுரை

நம் நாட்டுச் சட்டம் படிப்பவருக்கு இந்த இடம் குழப்பமாகத்தான் இருக்கும். நம்மிடம் குற்றப்பத்திரிகையைப் போலீஸ் தாக்கல் செய்கிறது. அதை ஏற்பதா என்று நீதிபதி பார்க்கிறார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெரிய குற்றங்களுக்கு ‘கிராண்ட் ஜூரி’ என்ற ஒரு கட்டம் இருக்கிறது. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் மூடிய அறையில் உட்கார்ந்து, அரசு வழக்கறிஞர் முன்வைக்கும் சாட்சியங்களைக் கேட்கிறார்கள். குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை அல்ல. விசாரணை நடத்தும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்ல வேண்டும். உள்ளே நீதிபதி உட்கார்ந்திருப்பதில்லை. நடப்பது ரகசியம்.

சாதாரண வழக்குகளில் அரசு வழக்கறிஞர் கேட்டால் கிராண்ட் ஜூரி பெரும்பாலும் தலையசைத்துவிடும். போலீஸ்காரர் மீதான வழக்குகளில்தான் சிக்கல். அரசு வழக்கறிஞர் அன்றாடம் போலீஸோடு சேர்ந்து வேலை செய்பவர். எதை எவ்வளவு அழுத்தத்தோடு வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் வழக்கில் 60 சாட்சிகளை விசாரித்த கிராண்ட் ஜூரி, 2014 நவம்பர் 24 அன்று வழக்குத் தொடர வேண்டியதில்லை என்றது. டாமிர் ரைஸ் வழக்கிலும், போலீஸ் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சிறுவன் சுடப்பட்ட காணொளி இருந்தும், 2015 டிசம்பரில் அதே முடிவுதான் வந்தது.

இன்னொரு சட்டக் கூறும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கிரஹாம் – கானர் வழக்கில் வகுத்த அளவுகோலின்படி, போலீஸ் பயன்படுத்திய பலம் நியாயமானதா என்பதைப் பிறகு தெரியவந்த உண்மைகளைக் கொண்டு பார்க்கக் கூடாது. அந்த நொடியில் அந்த இடத்தில் நின்ற நியாயமான ஓர் அதிகாரியின் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். இனி நாவலுக்கு வாருங்கள். பிரஷ் பிரஷ்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அது 115ஐ ஒன்றும் செய்வதில்லை. அது துப்பாக்கியாகத் தெரிந்தது என்று அவர் சொன்னால் போதும். அப்படித் தெரிந்ததற்குக் காரணம் ஓட்டியவனின் தோல் நிறமா என்று கேட்பதற்கு அந்த அறையில் தனியாக ஒரு நாற்காலி போடப்படவில்லை. ஸ்டார் சாட்சி சொல்லி முடித்த பிறகு அந்த மூடிய அறையின் கணக்கு மாறும் என்று நம்பிப் படிக்கும் வாசகரை, ஆசிரியர் வேண்டுமென்றே அந்த நம்பிக்கையோடு பல பக்கங்கள் நடக்க விட்டிருக்கிறார்.

பின்பக்க லைட் சமாச்சாரத்தையும் சும்மா கடந்துவிடாதீர்கள். ஃபெர்குசன் போலீஸைப் பற்றி அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2015 மார்ச்சில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்று, பிரவுனைச் சுட்ட அதிகாரி மீது கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றது. மற்றொன்று, அந்நகரின் மக்கள்தொகையில் 67 சதவீதம் இருந்த கருப்பினத்தவரே, நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதமாகவும் கைதானவர்களில் 93 சதவீதமாகவும் இருந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. உடைந்த லைட் எல்லார் காரிலும் இருக்கும்; எல்லார் காரும் நிறுத்தப்படுவதில்லை.

என் கணவர் காவல்துறையில் பணிபுரிகிறார். இது போலீஸை வில்லனாக்கும் நாவல் என்று என் தோழி சொல்கிறாள். அப்படியா?
– ஒரு வாசகி, திருச்சி

உங்கள் தோழி ஸ்டாரின் மாமா கார்லோஸ் வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார் போலிருக்கிறது.

கார்லோஸ், லிசாவின் அண்ணன்; போலீஸ் துப்பறிவாளர். மேவரிக் சிறையில் இருந்த மூன்று ஆண்டுகள் ஸ்டாரைத் தூக்கி வளர்த்தது அவர்தான். மேவரிக்குக்கு அவர்மேல் இருக்கும் பொறாமையும் நன்றியும் கலந்த அந்த உறவை, நம் குடும்பங்களில் அத்தானும் மச்சானும் வைத்துக்கொள்ளும் முறைப்பை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். 115 அவருடைய சக ஊழியர். தொடக்கத்தில் கார்லோஸ், தன் துறைக்காரனை விட்டுக்கொடுக்காமல், கலீல் போதைப்பொருள் விற்றானாமே என்ற பேச்சையும் எடுக்கிறார். அதைக் கேட்டு ஸ்டாரின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கிறது. கார்க் கதவைத் திறந்ததற்காக ஒருவனைக் கொல்லக் கூடாது, அப்படிக் கொல்பவன் போலீஸாக இருக்கவே கூடாது என்ற தீர்ப்பை நாவலில் சொல்பவர் ஒரு போலீஸ்காரர்தான். 115ஐக் கைநீட்டி அடித்துவிட்டு அவர் கட்டாய விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கலீல் செத்ததற்காக மட்டும் அந்த அடி விழவில்லை. தான் வளர்த்த பெண்ணின் நேராக அந்த ஆள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நின்றான் என்பது தெரியவந்ததற்காகவும் விழுந்தது.

115இன் தந்தையும் தொலைக்காட்சியில் தோன்றுகிறார். என் மகன் நல்லவன், அன்றிலிருந்து எங்கள் வாழ்க்கையே போய்விட்டது என்று கண் கலங்குகிறார். ஆசிரியர் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஸ்டாரின் உடம்பு என்ன ஆகிறது என்பதையும் விடவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் கிங் என்ற கும்பல் தலைவன் இருக்கிறான். ஸ்டாரின் பத்து வயதுத் தோழி நட்டாஷா செத்தது போலீஸ் குண்டால் அல்ல, தெருவில் காரிலிருந்து கும்பல்காரன் சுட்ட குண்டால். அப்போதும் பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. போலீஸுக்கும் பயம், கும்பலுக்கும் பயம் என்று இரண்டு பக்கமும் அடைபட்ட தெருவைப் பற்றிய கதையை, போலீஸுக்கு எதிரான கதை என்று சுருக்குவது நியாயமாகப் படவில்லை. உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

மொழிபெயர்ப்பில் ஆர்வம் உள்ளவன். கருப்பின மக்களின் ஆங்கிலத்தைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? சென்னை வழக்கில் எழுதினால் பொருந்துமா?
– வங்கி ஊழியர், ஓய்வு, கும்பகோணம்

வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இதுதான். இரண்டு நாள் யோசித்தேன்.

ஸ்டாருக்கு இரண்டு பேச்சு உண்டு. தெருவில் ஒன்று, வில்லியம்சனில் ஒன்று. பள்ளிக்குள் நுழைந்ததும் கொச்சையை விட்டுவிட வேண்டும், கோபப்படக் கூடாது, குரல் உயரக் கூடாது, சேரிப் பெண் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளைக்காரத் தோழிகள் ராப் பாடலில் கேட்ட கொச்சையைப் பேசினால் அது நாகரிகம்; அதையே அவள் பேசினால் அவளுடைய தெரு தெரிந்துவிடும். கிராமத்திலிருந்து நகரக் கல்லூரி விடுதிக்கு வந்து, முதல் மாதத்திலேயே ஊர்ப் பேச்சை மென்று விழுங்கப் பழகிய எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. நானும் அப்படி விழுங்கியவன்தான். என் ஊர் ‘வாங்க, போங்க’வின் இழுப்பை அறைத்தோழன் ஒருவன் நடித்துக் காட்டிய மாலை இன்றும் நினைவிருக்கிறது.

அதனால் தமிழுக்கு இங்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது. நம்மிடம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இயல்பாகவே இரண்டாகக் கிடக்கின்றன. வில்லியம்சன் காட்சிகளில் ஸ்டாரின் வாயில் சற்றே திருத்தமான, முடி வாரிவிட்ட தமிழையும், வீட்டுக் காட்சிகளில் இறுக்கம் தளர்ந்த பேச்சுத் தமிழையும் வைத்தால், அவள் ஒரு கதவைத் தாண்டும்போது மொழி மாறுவதை வாசகர் காதாலேயே உணர்ந்துவிடுவார்.

ஆனால் சென்னை வழக்கு வேண்டாம் என்பேன். அந்த வழக்கின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை, நம் சினிமா அதைப் பயன்படுத்தி வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் திரையில் அந்தப் பேச்சைப் பேசியவன் ஒன்று ரவுடி, இல்லையென்றால் சிரிப்பு நடிகர். கலீலை அந்தத் தமிழில் பேச வைத்தால், அவன் வாயைத் திறந்ததுமே வாசகரின் மனம் அவனுக்கு ஒரு முத்திரை குத்திவிடும். நாவலில் தொலைக்காட்சிகள் அவனுக்குச் செய்வதும் அதுதான்: செத்தவனின் பெயருக்கு முன் ‘போதைப்பொருள் விற்றதாகச் சந்தேகிக்கப்படும்’ என்ற அடைமொழி ஏறிவிடுகிறது. அம்மா கிங்கிடம் பட்ட கடனை அடைக்கத்தான் அவன் அந்த வேலைக்குப் போனான், கும்பலில் சேர மறுத்தான் என்பது ஸ்டாருக்கே தாமதமாகத்தான் தெரியவருகிறது. மொழிபெயர்ப்பாளரும் செய்தி வாசிப்பவரோடு சேர்ந்துகொள்ள வேண்டாமே.

அங்கே இந்த நாவலைப் பள்ளிகளில் தடை செய்தார்களாமே?
– நூலகர், தஞ்சாவூர்

நாடு முழுவதற்குமான தடை இல்லை. ஊருக்கு ஊர் எதிர்ப்பு. 2017 இறுதியில் டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி பகுதிப் பள்ளி நிர்வாகம், ஒரு பெற்றோரின் புகாருக்குப் பின் நூலகங்களிலிருந்து இதை எடுத்தது. கெட்ட வார்த்தைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. 2018 கோடையில் தென் கரோலினாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் விடுமுறை வாசிப்புப் பட்டியலில் இது இடம்பெற்றபோது, அவ்வட்டாரப் போலீஸ் சங்கம் எதிர்த்தது. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், அதிகம் எதிர்க்கப்பட்ட பத்து நூல்களின் பட்டியலில் 2017, 2018, 2020, 2021 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இந்த நாவல் இருக்கிறது. அதே 2018இல் அந்தச் சங்கத்தின் மோரிஸ் விருதும் இதற்குக் கிடைத்தது என்பதை ஒரு நூலகரான நீங்கள் ரசிப்பீர்கள்.

திரைப்படம் பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்க வேண்டுமா?
– பொறியாளர், ஓசூர்

படியுங்கள். ஜார்ஜ் டில்மன் ஜூனியர் இயக்கி 2018இல் வந்த படம் நல்ல படம். ஸ்டாராக நடித்த அமாண்ட்லா ஸ்டென்பெர்க் சிறப்பாகச் செய்திருக்கிறார். ஆனால் படத்தில் கலீல் பிரஷைக் கையில் எடுக்கிறான். நாவலில் அவன் எடுப்பதில்லை, நலம் விசாரிக்கக் கதவைத் திறக்கிறான், அவ்வளவே. இந்தச் சின்ன மாற்றம் அதிகாரியின் தவறுக்கு ஒரு துளி நியாயம் சேர்த்துவிடுகிறது என்பது என் எண்ணம். பள்ளித் தோழி ஹேய்லியின் கதையும் படத்தில் சுருங்கிவிட்டது. 1955இல் மிசிசிப்பியில் அடித்தும் சுட்டும் கொல்லப்பட்ட 14 வயதுக் கருப்பினச் சிறுவன் எம்மட் டில்லின் படத்தை ஸ்டார் இணையத்தில் பகிர்ந்தாள் என்பதற்காகச் சத்தமில்லாமல் விலகிக்கொண்டவள் அந்தத் தோழி. கலீலுக்கு நியாயம் கேட்டு வில்லியம்சன் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணிக்கும்போதும், அன்றைக்குப் பாடம் இருக்காது என்பதே பலருடைய உற்சாகத்திற்குக் காரணம் என்று ஸ்டார் கண்டுகொள்ளும் பத்தியை நாவலில்தான் முழுதாகப் படிக்க வேண்டும்.

குறை என்று கேட்டால், நாவலின் கடைசிப் பகுதியில் கிங்கின் கணக்கு சற்று வசதியாகவே முடிகிறது. கடை எரிகிறது, ஊர் திரள்கிறது, இத்தனை நாள் வாய் மூடியிருந்தவர்கள் ஒரே நேரத்தில் சாட்சி சொல்ல முன்வருகிறார்கள். அது அந்தத் தெருவின் முந்தைய நானூறு பக்க வரலாற்றோடு ஒட்டவில்லை.

சாத்தான்குளத்தோடு ஒப்பிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்தார். அடுத்த மாதமே சாத்தான்குளத்தில் வியாபாரிகளான தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அப்போது பலரும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அமெரிக்கக் கதையின் அடியில் அடிமை முறையும் நிறவெறியும் கிடக்கின்றன. சாத்தான்குளத்தில் நடந்தது காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் நடந்த கொடுமை. ஒன்றை மற்றொன்றின் கண்ணாடியாக வைத்தால் இரண்டும் கோணலாகத்தான் தெரியும்.

ஆனால் ஒரு புள்ளியில் இந்த இரண்டும் நாவலும் சேர்கின்றன. ஃபிளாய்ட் பற்றி மினியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை, போலீஸ் விசாரணையின்போது ஏற்பட்ட உடல்நலக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்ற பொருளில் இருந்தது. கடைக்கு வந்த 17 வயதுக் கருப்பினப் பெண் ஒருவர் தன் கைப்பேசியில் எடுத்த காணொளிதான் அதைப் பொய்யாக்கியது. மறு ஆண்டு நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னபோது நேரலையில் அவருடைய முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் கேட்டது; நாவலில் ஸ்டார் முதன்முதலாகத் தொலைக்காட்சிக்குப் பேசுவதும் முகம் மறைத்துத்தான். 2021 ஏப்ரல் 20 அன்று அந்த வழக்கில் போலீஸ் அதிகாரி டெரெக் ஷாவின் குற்றவாளி எனத் தீர்ப்பானது. சாத்தான்குளத்தில், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் அன்றிரவு கண்டதைச் சொன்னவர் அதே காவல் நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். ஒப்பிடுவதானால் இந்த மூன்று பெண்களை ஒப்பிடுங்கள், அதிலும் ஒருத்தி கற்பனை.

இதை முடித்த பிறகு எதைப் படிக்கலாம்?
– பிளஸ் டூ மாணவர், நாமக்கல்

ஜேசன் ரெனால்ட்ஸ், பிரெண்டன் கைலி இருவரும் சேர்ந்து எழுதிய ‘ஆல் அமெரிக்கன் பாய்ஸ்’ 2015இல் வந்தது. கடையில் சிப்ஸ் பாக்கெட் திருடியதாகத் தவறாக நினைத்து ஒரு போலீஸ்காரர் ரஷாத் என்ற கருப்பினப் பையனை அடித்து மருத்துவமனையில் படுக்க வைத்துவிடுகிறார். அதைப் பார்த்துவிட்ட குவின் ஒரு வெள்ளைக்காரப் பையன். அப்பாவை இழந்த தன்னைத் தந்தை இடத்தில் நின்று பார்த்துக்கொண்ட மனிதர்தான் அடித்தவர் என்பது அவனுக்குத் தெரியும். ரஷாத் பேசும் அத்தியாயங்களைக் கருப்பின எழுத்தாளரும், குவின் பேசும் அத்தியாயங்களை வெள்ளையின எழுத்தாளரும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டாரைவிடக் குவினுக்குத்தான் வாயை மூடிக்கொண்டு போக அதிக வசதி இருக்கிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

மேவரிக்கைப் பிடித்துப்போனவர்களுக்கு, ஆஞ்சி தாமஸ் 2021இல் எழுதிய ‘கான்கிரீட் ரோஸ்’ இருக்கிறது. அதில் அவருக்கு மளிகைக் கடையும் இல்லை, நிதானமும் இல்லை. ஆண்டு 1998, வயது 17, மடியில் எதிர்பாராமல் வந்து சேர்ந்த ஒரு கைக்குழந்தை.